வளைவுக்கு இந்தப் பக்கம்

தோளைப் பிடித்து உலுக்கினால் அவர் எழமாட்டார். காதுக்குள் கத்தினாலும் எழமாட்டார். டிராம் மணியை அவர் தலைக்கு நேரே நின்று அடித்துப் பார்த்திருக்கிறேன். வண்டியிலிருந்த மற்றவர்கள்தான் என்னை முறைத்தார்கள். அவர் பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

அப்போது பினாங்கில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதில் கண்டக்டர். ஜெட்டி என்கிற படகுத்துறையில் புறப்பட்டு, ஊருக்குள் புகுந்து, டத்தோ கிராமாட் ரோடு வழியாக ஆயர் ஈத்தாம் போய்த் திரும்புகிற வண்டி. டத்தோ கிராமாட் ரோட்டில் ஈயம் உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்த கூட்டம் விடியற்காலை வண்டியில் ஏறும். அதில் அவரும் ஒருவர். நெட்டையான ஆள். புருவம் கிடையாது. உலை வெக்கையில் பொசுங்கிப் பொசுங்கி, முளைப்பதையே விட்டுவிட்டது. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைப்பார். வைத்த கை பையை விட்டு வெளியே வருவதற்குள் தூங்கியிருப்பார். பொய்யில்லை, கை பைக்குள்ளேயே கிடக்கும்.

இறங்க வேண்டியது சூலியா தெரு முனையில். இறங்கினால்தானே? வண்டி ஜெட்டி வரை போகும், அங்கே திரும்பும், அவர் ஏறின அதே ஆலை வாசலைத் தாண்டி ஆயர் ஈத்தாம் போகும், மறுபடி திரும்பும். அவர் அசையமாட்டார். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் ஏறிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளை என்ன, வண்டியோட சேத்தே செஞ்சு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார். திட்டு எனக்குத்தான். அவர் மேல் அப்போது எனக்கு இரக்கமெல்லாம் கிடையாது, எரிச்சல்தான். விடியற்காலை வேலைக்கு வந்தவன் நான், எனக்குத் தூக்கம் வராதா? நான் நின்றுகொண்டே முழித்திருக்கிறேன், இவருக்கு உட்கார்ந்துகொண்டு முழித்திருக்க என்ன கேடு?

அப்புறம் ஒரு நாள் நெரிசலில் என் பூட்ஸ் அவர் கால் கட்டைவிரலில் பட்டுவிட்டது. மிதிக்கக்கூட இல்லை, லேசாக உரசியதுதான். மனிதர் விசுக்கென்று எழுந்து நின்றார்.

"இந்தா வந்துட்டேன் புள்ள!"

வண்டியே சிரித்தது. அவர் என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார், வெட்கப்பட்டுக்கொண்டு சூலியா தெரு முனையில் ஒழுங்காக இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் தோளைத் தொடுவதே இல்லை. குனிந்து கட்டைவிரலில் ஒரு தட்டு, அவ்வளவுதான். "இந்தா வந்துட்டேன் புள்ள" என்று எழுந்துவிடுவார்.

அதென்ன கட்டைவிரல் என்பது, அவர் வண்டியில் விட்டுப்போன சோற்றுத் தூக்கை வீட்டில் கொடுக்கப் போன அன்றைக்குத்தான் புரிந்தது. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் கடைசியில் ஒற்றை அறை. மத்தியான நேரம், கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தார். கீழே பாயில் அவர். அந்த அம்மாவின் மணிக்கட்டில் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை அவருடைய கால் கட்டைவிரலில் இருந்தது.

"யாரு?" என்றார் அந்த அம்மா, தலையைத் தூக்காமல்.

"டிராம் கண்டக்டருங்க. அண்ணன் தூக்கை விட்டுட்டு வந்துட்டாரு."

"ஓ, எழுப்பி விடுற தம்பியா? உள்ள வாங்க. அவரை எழுப்ப வேணாம். இன்னும் கொஞ்ச நேரத்துல நானே இழுத்தாகணும், திரும்பிப் படுக்கணும்."

முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. அந்தக் காய்ச்சலோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இதை அந்த அம்மா அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி சொன்னார். ராத்திரியில் பக்கத்து அறைச் சீன அம்மா பார்த்துக்கொள்வாள். பகலில் குளிப்பாட்டுவது, சோறாக்குவது, படுக்கைப் புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது எல்லாம் இவர். நடுவில் கிடைக்கிற இடைவெளியில் தூக்கம்.

"மனுசன் படுத்தா கட்டை. கயித்த இழுத்தா பட்டாளத்துக்காரன். என்ன பண்றது தம்பி, ஒரு மணி நேரம் முழுசா தூங்க விட மாட்டேங்குது இந்த ஒடம்பு. உங்க வண்டியிலதான் நல்லாத் தூங்குறாரு போல. அங்கதான் கயிறு இல்லயே."

அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மா எனக்கு அண்ணி, அவர் அண்ணன். சில காலைகளில் சூலியா தெரு முனை வரும்போது குனிய மனசு வராது. ஜெட்டி வரை போய்த் திரும்பட்டும், அதுவரைக்குமாவது தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன். அதற்கு மேல் விடவும் முடியாது, அங்கே அண்ணி காத்துக்கொண்டு கிடப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் இதே கதைதான். அவரும் நானும் கத்தோலிக்க வேதக்காரர்கள், ஒரே கோயில். சனிக்கிழமை ஷிப்டில் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். காலையில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வேண்டும் என்றால் அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். உலைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் செய்து பாருங்கள், தெரியும். அப்படியே நேராகப் பூசைக்கு வந்து முழந்தாள் போட்டபடி தூங்குவார். சாயமாட்டார், அதுதான் ஆச்சரியம். ஒரு பெரிய வியாழக்கிழமை, ஆண்டவர் வேண்டிக்கொண்டிருக்கும்போது சீடர்கள் தூங்கிப்போனதைப் பற்றி வெள்ளைக்காரச் சாமியார் தன் உடைந்த தமிழில் உருகி உருகிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். சரியாக அந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குறட்டை. கோயிலே குலுங்கியது. பூசை முடிந்ததும் சாமியார் அவரைக் கூப்பிட்டு என்னவோ விசாரித்தார். அவரும் என்னவோ சொன்னார். அதற்கப்புறம் அவர் தூங்கினால் சாமியார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அண்ணிக்குப் பேச்சு என்றால் உயிர். கால்தான் போச்சு, வாய் அதற்கும் சேர்த்து ஓடும். சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் அந்த அறை வாசலில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். நான் ஒருவன். சூலியா தெருச் சோற்றுக்கடைக் காதர் ஒருவர், மிஞ்சின குழம்போடு வருவார். மூன்றாவது முத்தையா. அவனுக்கு அக்கரையில், பிறை ரயில் யார்டில் வேலை. வாயைத் திறந்தால் மூடமாட்டான். அவன் வளர்ந்தது கெடாவில், பாலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கே காட்டுக்குள் ஒரு மலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்து நிற்கிறதாம், நடுவே ஆறு ஓடுகிறதாம். தோட்டத்தில் பிளந்த மலை என்பார்களாம்.

"மத்தியானம் வெயிலு நேரா உள்ள எறங்கும் அண்ணி. அதைப் பாக்காம செத்தா அந்தக் கட்டை வேகாது லா!"

"எனக்கு எரிக்கிற பழக்கம் இல்ல, பொதைக்கிறதுதான். நீ மலையைச் சொல்லு," என்பார் அண்ணி.

அவனும் சொல்லுவான். அண்ணி மறுநாளும் கேட்பார். எத்தனை ஆள் உயரம், தண்ணீர் என்ன நிறம், உள்ளே என்ன வாசனை என்று கேட்டுக் கேட்டு, முத்தையாவுக்கே சரக்குத் தீர்ந்துபோகும்.

ஷிப்டு மாறும்போது அவருக்கு ஒரு முழுப் பகலும் ராத்திரியும் ஓய்வு கிடைக்கும். அந்தப் பகலில் அவரைப் பிளந்த மலைக்குக் கூட்டிப்போகலாம் என்று முத்தையாதான் ஆரம்பித்தான். அவனுடைய மச்சான் தோட்டத்து லாரி டிரைவர். காலையில் பட்டர்வொர்த்திலிருந்து காலி வண்டி போகும், மாலையில் கித்தா என்கிற ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு திரும்பும். அண்ணியோடு அன்று முழுக்க என் வீட்டுக்காரி இருப்பதாக ஏற்பாடு.

"அதெல்லாம் எதுக்கு தம்பி. இவளை விட்டுட்டு நான் மலையைப் பாத்து என்ன ஆகப்போகுது," என்றார் அவர்.

"எனக்காகப் போங்க," என்றார் அண்ணி. "எனக்குக் கால்தான் இல்ல. உங்களுக்குக் கண்ணுமா இல்ல? நல்லாப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லணும். முத்தையா புளுகுவான். நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன்."

அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அண்ணிக்காக என்றால் அவர் கடலைக்கூட நடந்தே தாண்டியிருப்பார்.

முதல் ஃபெரியில் அக்கரை போனோம். லாரியின் பின்தட்டில் நின்றுகொண்டுதான் வந்தார், உட்காரவே இல்லை. "உக்காந்தா தூங்கிடுவேன் தம்பி," என்றார். கித்தா ஷீட்டின் புகைவாடை, செம்மண் சடக்கு ரோட்டின் தூசி, வழியெல்லாம் குலுக்கல். கண் செருகும்போதெல்லாம் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டார். கூலிமில் நிறுத்திப் பசியாறினோம். அங்கே குழாயடியில் தலையைக் காட்டிவிட்டு ஈரத்தோடு வந்து நின்றார். இப்படிக் கஷ்டப்பட்டு ஒரு மலையைப் பார்க்க வேண்டுமா என்று எனக்கே அலுத்துப்போனது. அவர் மட்டும் அடிக்கடி முத்தையாவிடம், "இந்த மரம் என்ன மரம்? அந்த ஆத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டு, உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பால்மரக் காடு முடிந்து, ஒரு மலாய்க்காரக் கம்பத்து வீடுகளைத் தாண்டி, ஆற்றோரமாக நடந்தோம். மலை முதலில் சாதாரண மலையாகத்தான் தெரிந்தது. கிட்டே போனபோதுதான் அந்தப் பிளவு. ஒரு வாசல் மாதிரி இருந்தது. ஆறு அதிலிருந்து கணுக்கால் அளவு ஓடி வந்தது. உள்ளே கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வாசலிலிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள்! அப்படி ஒரு குளிர்ச்சியை நான் மலாயாவில் அனுபவித்ததே இல்லை. வருஷக்கணக்காக உலைக்கு முன்னால் நின்ற மனிதர் அவர். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் அவர் தோள் இரண்டும் தொங்கிப்போனது. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் ஒரு தட்டைப் பாறை. "நீங்க முன்னால நடங்க தம்பி. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கிட்டு வந்துடுறேன்," என்று அதில் உட்கார்ந்தார்.

நாங்கள் வளைவைத் தாண்டினோம். முத்தையா புளுகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக ஏறி, மேலே ஒன்றையொன்று தொடப் போய் நின்றுவிட்டது. நடுவில் ஒரு கோடு வானம். பாறை முழுக்கப் பச்சைப் பாசி, அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உச்சிவெயில் அந்தக் கோட்டின் வழியே இறங்க ஆரம்பித்தது. சின்னச் சின்னக் குருவிகள் அந்த வெயிலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. காதர் இரண்டு கையையும் விரித்து, "யா அல்லா!" என்றார். அந்தக் குரல் மேலே போய்ப் போய்த் திரும்பி வந்தது. எதற்கென்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது.

"அண்ணன் எங்க?" என்றான் முத்தையா.

திரும்பி ஓடிவந்து பார்த்தால், தட்டைப் பாறையில் மல்லாக்கப் படுத்துத் தூங்குகிறார். ஒரு கை இடுப்பு வேட்டியைப் பிடித்தபடியே இருந்தது.

முத்தையாவுக்கு வந்ததே கோபம்! "இதுக்கா இம்புட்டு தூரம் கூட்டியாந்தோம்? இந்த வெயிலு இன்னும் கொஞ்ச நேரந்தான் உள்ள நிக்கும். அப்புறம் வெறும் இருட்டு. எழுப்புங்க லா!"

"பாவம், தூங்கட்டும்," என்றார் காதர்.

"அண்ணி கேட்டா என்ன சொல்வாரு? பாத்துட்டு வரேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்காரு. வளைவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாப் போதும்!"

அவன் சொன்னதும் நியாயம்தான். முழித்தபின் அவரே எங்களைத் திட்டலாம். முத்தையா அவர் தோளை உலுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. எப்படி எழுப்புவது என்பது அவனுக்கும் தெரியும், சாயங்காலங்களில் அந்தக் கயிற்றை அவனும் பார்த்தவன்தானே. குனிந்து கட்டைவிரலுக்குக் கையைக் கொண்டுபோனான்.

அந்த விரல் தானாக ஆடியது. ஒரு வெடுக், அப்புறம் சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு வெடுக். அங்கே கயிறும் இல்லை, இழுக்க ஆளும் இல்லை. விரல் அது பாட்டுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது.

முத்தையா கையை எடுத்துக்கொண்டான். பக்கத்திலேயே தண்ணீரில் கால்விட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயில் உள்ளே இறங்கி, ஒரு சுவரில் ஏறி, மறைந்து போனது. விரல் ஆடுவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போனது. அப்புறம் அவர் தூங்கினார் பாருங்கள், அதுதான் தூக்கம்.

லாரிக்கு நேரமானபோது வேறு வழியில்லாமல் நான்தான் தட்டினேன். "இந்தா வந்துட்டேன் புள்ள!" என்று எழுந்தவர், பாறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இருட்டிக் கிடந்த பிளவைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. காதுக்குப் பின்னால் சொறிந்த கையில் ரத்தம். பாறையில் ஒரு அட்டை, குடித்துக் குடித்து நாவல்பழம் அளவுக்கு உப்பிக் கிடந்தது. காதர் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து கடிவாயில் சுண்ணாம்பை அப்பிவிட்டார்.

"இப்ப அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றார் அவர். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

லாரியில் வரும்போது ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். முத்தையா உயரத்தைச் சொன்னான், காதர் எதிரொலியைச் சொன்னார், நான் வெயிலைச் சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அவர் முணுமுணுத்தார். நடுவில், "பொய் சொன்னா அதையும் சாமியார்கிட்ட போய்ச் சொல்லணுமே தம்பி," என்று ஒரு கவலை வேறு.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணி தலை வாரிப் பூ வைத்திருந்தார், என் வீட்டுக்காரி செய்த வேலை. "வாங்க, வாங்க. முத்தையா, நீ வாயைத் திறக்கக் கூடாது. அவர் சொல்லட்டும்."

அவர் கட்டிலோரம் நின்றுகொண்டு ஆரம்பித்தார். "மலை ரெண்டாப் பொளந்து நிக்குது புள்ள. மேல கோடாட்டம் வானம். குருவியெல்லாம் சொட்டிக்கிட்டே இருக்கு..."

"குருவி சொட்டுதா?"

"தண்ணி. தண்ணி சொட்டுது. குருவி கத்தினா திரும்பிக் கத்துது..."

"கிட்ட வாங்க," என்றார் அண்ணி. அவர் குனிந்தார். அண்ணி அவர் காதை மடக்கிப் பார்த்தார். சுண்ணாம்பு, அதை மீறிக் கழுத்து வரை காய்ந்த ரத்தம். அட்டை கடித்தால் முழித்திருப்பவன் அது கொழுக்கும்வரை விடமாட்டான் என்பது யாருக்குத்தான் தெரியாது?

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இருமல் அடங்கியதும் அண்ணி என்னைத்தான் கேட்டார்.

"எவ்வளவு நேரம் தம்பி தூங்கினாரு?"

"உச்சியிலேருந்து வெயில் சாயுற வரைக்கும் அண்ணி."

"நடுவுல எழுந்திரிக்கலயே?"

"இல்ல அண்ணி. அசையவே இல்ல."

பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டானா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி ஒரு முகம். "மலை எங்கயும் ஓடிடாது. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்," என்றார்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரி வேறு சொன்னாள். பகல் முழுக்க அண்ணி, "இந்நேரம் ஃபெரி விட்டிருப்பான், இந்நேரம் ஆத்தோரம் நடப்பாங்க, இந்நேரம் உள்ள நுழைஞ்சிருப்பாரு," என்று கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அதற்குப் பிறகும் சில தடவை கூட்டிப்போனோம். காதர் அவர் வாயில் புகையிலையை அடக்கிப் பார்த்தார். முத்தையா பாட்டுப் பாடிப் பார்த்தான். அந்த வாசல் காற்று முகத்தில் பட்டதும் எல்லாம் பாழ். அதே பாறை, அதே தூக்கம். ஒரு தடவைகூட வளைவுக்கு அந்தப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணி, "எவ்வளவு நேரம்?" என்று கேட்பார், "சரி, அடுத்த வாட்டி," என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அண்ணி போய்விட்டார். பகலில்தான். வேலை முடிந்து வந்து பாயில் படுத்த அவர், மத்தியானம் கயிறு இழுபடாமலே முழித்துக்கொண்டாராம். வெகுநேரம் தூங்கிவிட்டோமே என்று சந்தோஷமாகக்கூட இருந்ததாம். அப்புறம்தான் கட்டிலைப் பார்த்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர் டிராமில் ஏறினார். சீட்டை வாங்கிப் பையில் வைத்தார். கை வெளியே வந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சூலியா தெரு முனையில் தானே இறங்கிப் போனார். மறுநாளும் அப்படி, அடுத்த மாதமும் அப்படி. கோயிலில் முழுப் பிரசங்கத்தையும் கேட்டார். இழுத்துவிடக் கயிறு இல்லாமல் அந்த மனிதருக்குத் தூக்கமே வரவில்லை. எனக்குக் குனிகிற வேலை மிச்சமானது, ஆனால் முழித்திருக்கிற அவரைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. கண் இரண்டும் குழி விழுந்து, உலைக்கு முன்னால் இவர் எப்படி நிற்கிறார் என்று பயமாக இருந்தது. "தூங்குங்கண்ணே," என்பேன். "எங்க தம்பி வருது," என்பார்.

ஷிப்டு மாறுகிற ஒரு நாளில் அவரே வந்து கேட்டார். "அந்த மலைக்கு ஒரு தடவை போகலாமா?"

போனோம், அதே நாலு பேர். அந்தப் பாறையிலாவது தூங்குவார் என்றுதான் நான் நினைத்தேன். வாசல் காற்று அதே குளிர்ச்சியோடு வந்தது. பாறையைத் தாண்டி நடந்தார், நிற்கக்கூட இல்லை. வளைவு திரும்பினார். உச்சிவெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து மேலேயிருந்து கீழ்வரை பார்த்தார். கிட்டே போய்ப் பாசியைத் தடவிப் பார்த்தார். ஆற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். பாறையை முகர்ந்துகூடப் பார்த்தார். அண்ணி கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. வெயில் போய் இருட்டும்வரை நின்றார்.

திரும்பும்போது அலுப்பில் நாங்கள் மூன்று பேரும் ஷீட்டுக் கட்டுகள் மேலேயே தூங்கிப்போனோம். பட்டர்வொர்த்தில் எங்களை எழுப்பியது அவர்தான். இக்கரை வந்து, காதரும் முத்தையாவும் விடைபெற்றுப் போனார்கள். அவர் ஜெட்டியிலேயே நின்றார்.

"வீட்டுக்குப் போகலையாண்ணே?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன் தம்பி, ஒண்ணு விடாம. போயி யாருகிட்ட சொல்றது?"

கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். சோற்றை எடுத்து வைக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சுண்ணே? முதல்லேருந்து சொல்லுங்க. அண்ணி மாதிரிதான் நானும், ஒண்ணு விடாம கேப்பேன்."

அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். "வாசல்ல தண்ணி கணுக்கால் அளவுதான் தங்கச்சி," என்று ஆரம்பித்தார். முத்தையாவோ நானோ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வளைவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஆழம் என்று சொன்னார். பாசி பூனை வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது என்றார். தண்ணீரில் லேசாகச் சுண்ணாம்பு ருசி என்றார். "வெயிலு மேலேருந்து வேட்டி காயப்போட்டாப்ல தொங்குது. நம்ம கையை நீட்டினா கை மேலயும் விழுது. சூடே இல்ல தங்கச்சி, வெளிச்சந்தான். அந்தக் குருவிங்க..."

நாங்கள் காத்திருந்தோம். குருவிக்கு மேல் வரவில்லை. தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

என் பிள்ளைகள் இரண்டும் வெளியே விளையாடிவிட்டு அப்போதுதான் கூச்சலோடு ஓடி வந்தன. என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் இரண்டு பேரையும் வாசலிலேயே மறித்தாள்.

"சத்தம் போட்டாலும் பரவால்ல. கால் பக்கம் மட்டும் யாரும் போகாதீங்க."